மணல், நிரப்பு மண் உள்ள இடத்தில் ஃபயர் லைன் பெண்டு விலகுகிறது: பிளாக்கைப் பெரிதாக்கினால் போதுமா?

மணவை_சைட்:
மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு குடோன். ஹைட்ரன்ட் ரிங் மெயின் (குடோனைச் சுற்றிய தீயணைப்புத் தண்ணீர் லைன்) 150 மி.மீ. டிஐ (டக்டைல் அயர்ன்) கே9 தடிமன், புஷ்-ஆன் ஜாயின்ட்: ஒரு பைப்பின் முனையை (ஸ்பிகாட்) அடுத்ததின் அகன்ற வாயில் (சாக்கெட்) ரப்பர் வளையத்தோடு (கேஸ்கெட்) தள்ளிச் சொருகுவது. பைப் முதுகின் மேல் 1 மீட்டர் மண். டெஸ்ட் பிரஷர் 15 பார். வடகிழக்கு மூலையில் 90 டிகிரி பெண்டு (வளைவுத் துண்டு); தண்ணீர் அழுத்தம் அதை வெளியே தள்ளாமல் இருக்க, பின்னால் 600 x 600 x 600 மி.மீ. காங்கிரீட் கட்டி (திரஸ்ட் பிளாக்). 11 பார் தொட்டதும் ஸ்பிகாட் 18 மி.மீ. வெளியே வந்துவிட்டது, நிறுத்திவிட்டோம். அந்த மூலை பழைய வயல், நிரப்பி 2 வருஷம் ஆகிறது, கீழே மணல். மழைக்காலத்தில் தண்ணீர் மேலே ஏறும். கட்டிக்கு 1.5 மீட்டர் பின்னால் மழைநீர் ஓடை வரப்போகிறது. 1 மீட்டர் சதுரமாகக் கட்டியைப் பெரிதாக்கலாம் என்கிறார் கான்ட்ராக்டர். சரிவருமா?

நாஞ்சில்_ஃபயர்:
சரிவராது. கணக்கைப் பாருங்கள்.

தள்ளுவிசைக்கு எடுக்க வேண்டியது வெளிவிட்டம், 150 அல்ல. இந்த அளவு டிஐ பைப்பின் வெளிவிட்டம் 170 மி.மீ., பரப்பு 0.0227 சதுர மீட்டர். 150 என்று போட்டால் கணக்கு சுமார் 22 சதவீதம் குறைவாக வரும். பாதி சைட்டில் நடக்கிற தப்பு இதுதான். 15 பாரில் டெட் எண்டிலும் (மூடிய முனை) டீயின் (T வடிவத் துண்டு) கிளையிலும் 34 கிலோநியூட்டன், அதாவது மூன்றரை டன். 90 டிகிரி பெண்டில் அதை 1.414 ஆல் பெருக்க வேண்டும்: 48 கிலோநியூட்டன். 45 டிகிரிக்கு 26, 22.5 டிகிரிக்கு 13.

உங்கள் கட்டி மண்ணில் அழுத்தும் முகம் 0.36 சதுர மீட்டர். 11 பாரில் பெண்டு தள்ளுவது 35 கிலோநியூட்டன். சதுர மீட்டருக்குப் பத்து டன் அளவில் அழுத்தம். தக்கலை, குலசேகரம் பக்கத்துச் சரல் மண் என்றால் இதற்கு நின்றிருக்கும். நிரப்பு மண் நிற்காது. கட்டி உடையவில்லை பாருங்கள், மண்தான் நகர்ந்திருக்கிறது.

அசையாத மணலில் சதுர மீட்டருக்கு 50 கிலோநியூட்டன் என்று வைத்து, பாதுகாப்புக்கு 1.5 பங்கு சேர்த்தால் 1.44 சதுர மீட்டர் முகம் வேண்டும். கட்டியின் உயரம், தரையிலிருந்து கட்டியின் அடிவரை உள்ள ஆழத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. உங்கள் ஆழத்துக்கு 0.7 மீட்டர் உயரம், 2.1 மீட்டர் அகலம். 1 மீட்டர் சதுரம் உயரத்திலேயே அடிபடும், பரப்பும் போதாது.

இதெல்லாம் பின்னால் தோண்டாத மண் இருந்தால்தான். கட்டி நகராமல் நிற்க, பின்னால் ஆப்பு மாதிரி ஒரு மண் துண்டு எதிர்த்து நிற்கணும். இந்த ஆழத்தில் அதற்குச் சுமார் 2.5 மீட்டர் வேண்டும். உங்களிடம் இருப்பது 1.5. ஓடை வெட்டுகிற அன்றைக்கே பிளாக் வெறும் காங்கிரீட் ஆகிவிடும். மண் பொருத்தமாக இருக்கும் இடத்தில்தான் திரஸ்ட் பிளாக் என்று என்.எஃப்.பி.ஏ. 24 (தீயணைப்பு லைனுக்கான அமெரிக்க விதிநூல்) சொல்வதும் இதனால்தான்.

குழித்துறை_பிட்டர்:
அண்ணாச்சி சொன்னது சரி. இந்த மூலைக்கு ஜாயின்டையே பூட்டணும். எஃகுப் பல் பதித்த லாக்கிங் கேஸ்கெட் கிடைக்கும்; சாதா கேஸ்கெட் உட்காரும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து ஸ்பிகாட்டைக் கடித்துப் பிடிக்கும். பைப் கம்பெனியும் கேஸ்கெட் கம்பெனியும் வேறு என்றால் சாக்கெட் பள்ளம் பொருந்துமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்டின் சாக்கெட் இன்னொரு கம்பெனியுடையது என்றால் அதையும். அந்தக் கேஸ்கெட் எத்தனை பாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

போடும்போது: வெட்டின முனையைச் சரித்து அராவி, ஓரம் மழுங்கியிருக்கணும். சோப்பு பேஸ்ட் மட்டும் தடவுங்கள். கிரீஸோ எண்ணெயோ பட்டால் ரப்பர் ஊதும். நேராக வைத்துத் தள்ளி முடித்த பிறகுதான் கோணம் திருப்பணும். கடைசியில் செயின் பிளாக்கால் பின்னுக்கு ஒரு இழு இழுத்துப் பல்லைக் கடிக்க விடுங்கள். இதை விட்டால் பிரஷர் வரும்போது ஒவ்வொரு ஜாயின்டும் சில மி.மீ. நீண்டு, எல்லாம் சேர்ந்து பெண்டை நகர்த்தும். ஒருதரம் கடித்தால் லேசில் கழற்ற முடியாது, அதனால் ஸ்பிகாட் எவ்வளவு உள்ளே போகணும் என்ற மார்க்கிங்கை முதலிலேயே சரிபாருங்கள்.

பெண்டின் இரண்டு ஜாயின்டை மட்டும் பூட்டினால் மூன்றாவது ஜாயின்ட் கழலும். எத்தனை மீட்டர் பூட்டணும் என்பதுதான் விஷயம். 34 கிலோநியூட்டனை 1.5 ஆல் பெருக்கி, பைப்பைச் சுற்றிய மண்ணின் உராய்வால் வகுக்கணும். 1 மீட்டர் உலர்ந்த மணல் மூடினால் மீட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிலோநியூட்டன் உராய்வு. 20 மீட்டர் வரும். மண் தண்ணீரில் முழுகினால் எடை பாதியாகி உராய்வு 1.5-க்கு இறங்கும், 34 மீட்டர். மழைக்காலக் கணக்கைத்தான் எடுக்கணும். உப்புக்காகப் பாலித்தீன் ஸ்லீவ் (பைப்பின் மேல் உறை) போட்டிருந்தால் அந்த நீளத்தை இன்னும் 0.7 ஆல் வகுங்கள்.

பெண்டின் இரண்டு பக்கமும் இந்த நீளம். ஸ்லீவ் இல்லையென்றால் 5.5 மீட்டர் நீளப் பைப்பு பக்கத்துக்கு 7 வரும். பைப்பின் இரு பக்கமும் மண்ணை 150 மி.மீ. அடுக்காக நனைத்து இடித்தால் பக்கவாட்டு மண்ணும் பெண்டைத் தாங்கும். நீளம் பாதிக்கும் கீழே போகும். இடிக்காமல் ஜேசிபியால் தள்ளி மூடுவதாக இருந்தால் நீளத்தை அப்படிக் குறைக்காதீர்கள்.

மணவை_சைட்:
7 + 7 லாக்கிங் கேஸ்கெட் பில் பார்த்தால் முதலாளி முறைப்பார். டை ராட் (ஜாயின்டின் இரு பக்கத்தையும் சேர்த்துக் கட்டும் இரும்புக் கம்பி) போட்டால் ஆகாதா?

நாஞ்சில்_ஃபயர்:
ஆகும், ஆனால் நீளம் அதேதான். ராடு கணக்குக்கு 48 எடுக்க வேண்டாம். பெண்டின் ஒவ்வொரு பக்கத்துப் பைப்பின் வழியே இழுப்பது 34 மட்டும். 16 மி.மீ. மைல்டு ஸ்டீல் ராடு ஒன்றுக்குச் சுமார் 19 கிலோநியூட்டன், இரண்டு போட்டால் சரியாக நிற்கும். கடற்கரை உப்பில் சரியாக நிற்பது போதாது. நாலு போடுங்கள், அல்லது 20 மி.மீ. இரண்டு. எதிரெதிரே இருக்கணும், நட்டுகளை மாறி மாறி இறுக்கணும்; ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் ஸ்பிகாட் சாய்ந்து கேஸ்கெட் மடியும்.

சிக்கும் இடம் கிளாம்ப். வழவழப்பான பைப் உடம்பில் பட்டையை இறுக்கினால் வழுக்கும். சாக்கெட்டின் தோளுக்கு (வாய் அகலத் தொடங்கும் மேடு) பின்னால் பிடிக்கணும். பெண்டின் சாக்கெட்டில் நுழைவது பைப்பின் ஸ்பிகாட் என்றால், அந்தப் பைப்பின் தோள் இருப்பது 5.5 மீட்டர் தள்ளி. ராடு அத்தனை நீளம் ஓடணும். இல்லையென்றால் சாக்கெட்டோடு 1 மீட்டர் துண்டு வெட்டிப் பெண்டில் வையுங்கள், குட்டை ராடே போதும். ஆனால் அந்தத் துண்டின் சாக்கெட்டில் ஒரு ஜாயின்ட் கூடும், அதையும் கட்டணும். கிளாம்ப் பட்டை 50 x 12 மி.மீ. எல்லாம் முடிந்ததும் ராடு, நட்டு, வாஷர், பட்டை அத்தனையையும் துடைத்து பிடுமன் (தார்) தாராளமாகப் பூசுங்கள். மரை (திரெட்) முனைகளை மறக்காதீர்கள், துரு அங்கேதான் தொடங்கும்.

கடலோர_வெல்டர்:
முதலாளி முறைப்பாரென்றால் அந்த மூலையை மட்டும் எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) வெல்டட் லைனாக்கலாம். வெல்டிங் லைனுக்குத் தனிப் பிளாக் வேண்டாம். ஆனால் இந்த உப்பு மண்ணில் ராப்பிங் கோட்டிங்கில் (துரு தடுக்கும் சுற்றுப் பூச்சு) ஒரு ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் துளை விழும்; ஹாலிடே டெஸ்ட் (அந்த ஓட்டையை மின்சாரத்தால் கண்டுபிடிப்பது) பண்ணாமல் மூடாதீர்கள்.

எச்டிபிஇ (பிளாஸ்டிக் பைப்) என்றால் பிஇ100 ரகம், எஸ்டிஆர் 11 (விட்டம் தடிமனைப் போல் 11 மடங்கு), எலக்ட்ரோஃபியூஷன் (மின்சூட்டில் உருக்கி ஒட்டும் ஜாயின்ட்). துரு இல்லை. பிரஷர் ஏறும்போது அது பருத்து நீளத்தில் சுருங்கும். டிஐயோடு சேரும் இடத்தில் ஆங்கர் (நகராமல் பிடிக்கும் கட்டு) இல்லாவிட்டால் பக்கத்துப் புஷ்-ஆன் ஜாயின்டை அதுவே உருவிவிடும்.

குழித்துறை_பிட்டர்:
ஓடைக்கு அடியில் லைன் இறங்கி ஏறுகிறதா? மேலே உள்ள பெண்டு வானத்தைப் பார்த்துத் தள்ளும்; அங்கே மண் உதவாது, காங்கிரீட் எடைதான். 45 டிகிரிக்கு 26 கிலோநியூட்டனுக்கு 1.1 கன மீட்டர், தண்ணீரில் முழுகினால் 1.9, பெண்டை யூ-ராடால் அதில் கட்டணும். இது வெறும் சமன்தான், பாதுகாப்புப் பங்கை மேலே சேருங்கள்.

மற்ற மூலைகளில் நல்ல மண்ணில் போடும் பிளாக் 1 : 2½ : 5-க்கு (சிமெண்ட் : மணல் : ஜல்லி) மெலிந்த கலவையாக வேண்டாம். பெண்டுக்கும் காங்கிரீட்டுக்கும் இடையில் பிளாஸ்டிக் ஷீட்; ஜாயின்டும் போல்ட்டும் புதையக் கூடாது. 7 நாள் கழித்துத்தான் பிரஷர்.

டெஸ்டுக்கு முன் பைப் உடம்பை மூடி ஜாயின்டைத் திறந்து வையுங்கள். சாக்கெட் வாயை ஒட்டி ஒவ்வொரு ஸ்பிகாட்டிலும் வெள்ளைப் பெயிண்ட் கோடு. காற்றை முழுக்க வெளியேற்றி 5 பார், 10 பார், 15 பார் என்று நிறுத்தி நிறுத்தி ஏற்றி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கோடு நகர்ந்ததா என்று மேலிருந்தே பாருங்கள். 15-இல் 2 மணி நேரம். லாக்கிங் ஜாயின்ட் முதலில் சில மி.மீ. நகர்ந்து நின்றால் சரி. 10-க்கும் 15-க்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருந்தால் பல் கடிக்கவில்லை, இறக்கிவிடுங்கள். பிரஷர் இருக்கும்போது பெண்டின் வெளிப்பக்கத்துக் குழியில் ஆள் நிற்கக் கூடாது; ஸ்கேல் வைத்து அளப்பவரும் பிரஷரை முழுக்க இறக்கிய பிறகு இறங்கட்டும், நிறுத்தங்களில் மேலிருந்தே பார்த்தால் தெரிகிற மாதிரி கோட்டைத் தடிமனாகப் போடுங்கள்.