டீசல் டேங்கில் கறுப்புச் சளி, மாதம் 2 ஃபில்டர் போகிறது. எப்படிக் கழுவுவது?

காசிமேட்டு லோடு:
வணக்கம். என்னுடையது பிஎஸ் 4 டீசல் பிக்கப். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏற்றி மாதவரம், ரெட்ஹில்ஸ் பக்கம் இறக்குவேன். மூன்று மாதமாக மூலக்கடை மேம்பாலம் ஏறினாலே வண்டி இழுக்காமல் முக்குகிறது. ஃபில்டர் மாற்றினால் பத்துப் பதினைந்து நாள் சரியாக ஓடும், அப்புறம் பழைய கதை. கழற்றிய ஃபில்டரில் கறுப்பாக, வழவழவென்று மீன் செதிலை வழித்த மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. டேங்க் பிளாஸ்டிக். இறக்கிச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவலாமா? இல்லை, புது டேங்க்தானா?

ரெண்டாம் கியர்:
பெட்ரோல் 2 லிட்டர் ஊற்றிக் குலுக்குங்க பாஸ். பளிச்சென்று ஆகிவிடும்.

படகு டீசல்:
தம்பி, மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதே. பெட்ரோல் ஆவி டேங்குக்குள்ளேயே நிற்கும். பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் ஸ்டாட்டிக் சேரும், ஒரு பொறி போதும். தப்பித்தாலும் மிச்சம் நிற்கும் பெட்ரோல் பம்ப்பைத் தேய்க்கும். டீசல் பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய்ப் பசை.

நான் விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவன். நீ சொல்லும் சளி எங்களுக்குப் பழகினது. டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் போய் நிற்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளரும். டீசலைத் தின்று தண்ணீரில் குடியிருக்கும் ஜீவன். தண்ணீர் இல்லையென்றால் அதுவும் இல்லை. ஆகவே டேங்க்கைக் கழுவுவது பாதி வேலை, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்ப்பதுதான் மீதி.

சோப்பும் வேண்டாம். கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் தண்ணீரை டீசலோடு மோர் மாதிரி கலக்கிவிடும், ஃபில்டரால் பிரிக்க முடியாது. டேங்க் காலியாகும் தறுவாயில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, வெட்டவெளியில் ஸ்டாண்ட் கொடுத்து இறக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. டீசல் அளவு காட்டும் மிதவை, அதாவது ஃப்ளோட் யூனிட்டைக் கழற்றினால் கை போகும் அளவு வாய் கிடைக்கும். 5 லிட்டர் நல்ல டீசல் ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டி, வடிகட்டி, மறுபடி ஊற்று. உள்ளே தடுப்பு இருந்தால் அதன் பின்னால்தான் சளி ஒளிந்திருக்கும். பஞ்சு உதிராத துணியால் துடை. இரும்பு டேங்கில் ஜல்லி போட்டு உருட்டுவார்களே, அது இதற்கு வேண்டாம். துருப்பிடிக்காத டேங்க்கில் எதைச் சுரண்டப் போகிறாய்?

காசிமேட்டு லோடு:
அண்ணே, நன்றி. ஒரு சந்தேகம். கடைசியாக வடித்த டீசலில் செம்மண் மாதிரி தூளும் இருந்தது. பிளாஸ்டிக்கில் துரு எப்படி?

மணலி ஒர்க்‌ஷாப்:
துரு டேங்கில் பிறக்கவில்லை, வெளியிலிருந்து வருகிறது. டீசல் ஊற்றும் கழுத்துக் குழாய் இரும்பா என்று பாருங்கள். தகர டின்னில் வாங்கி ஊற்றும் பழக்கம் உண்டா? அப்படியே டேங்க் மூச்சுவிடும் குழாயான பிரீதர் ஹோஸையும் தடவிப் பாருங்கள். டீசல் குறையக் குறைய டேங்க் அதன் வழியாகத்தான் காற்று இழுக்கும். அங்கே ஈரம் இருந்தால் ஈரத்தையும் இழுக்கும்.

மாட்டும்போது ஃப்ளோட் வாயின் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள், பழையது ஊறிப் பெருத்திருக்கும், சரியாக உட்காராது. சப்ளை, ரிட்டர்ன் இரண்டு ஹோஸிலும் அடையாளம் கட்டிவிட்டுக் கழற்றுங்கள். புது ஃபில்டர் போட்டுக் கைப்பம்ப்பை அமுக்கிக் காற்றை எடுத்த பிறகே செல்ஃப் அடியுங்கள். உங்கள் வண்டியின் காமன் ரெயில் பம்ப்பை, அதாவது டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளும் பம்ப்பை, டீசல் இல்லாமல் காய்ந்து ஓட விடக்கூடாது. கழிவு டீசலைக் கால்வாயில் கொட்டாதீர்கள். கேனில் மூடி வைத்து, உரிமம் உள்ள கழிவு எண்ணெய் வாங்குபவரிடம் கொடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு பரவி எண்ணூர் முகத்துவாரம் பட்டது போதும்.

காசிமேட்டு லோடு:
ஞாயிற்றுக்கிழமை இறக்கிவிட்டேன். டேங்க் அடியில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் நின்றது. மூன்று முறை டீசல் விட்டு உருட்டிய பிறகுதான் தெளிவாக வந்தது. பிரீதர் ஹோஸைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பின்பெட்டிக்கு நேர் கீழே வெடித்திருக்கிறது. ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதன் மேல்தான் விழுகிறது. மூன்று மாதமாக மீன் தண்ணீரைத்தான் வண்டிக்கு ஊற்றியிருக்கிறேன். துருவும் கழுத்துக் குழாயிலிருந்துதான், அதையும் மாற்றியாகிவிட்டது.

படகு டீசல்:
ஹோஸ் முனையை மேலே தூக்கிக் கட்டு. பெட்டித் தண்ணீருக்குத் தனியாக ஒரு குழாய் விட்டுப் பின்னால் இறக்கு. ஒரு வாரம் கழித்து ஃபில்டர் அடித் திருகைத் திறந்து தண்ணீர் வருகிறதா பார். சுவரில் ஒட்டிய மிச்சச் சளி கொஞ்ச நாள் உதிரும், இன்னொரு ஃபில்டர் கையில் வைத்துக்கொள்.

காசிமேட்டு லோடு:
சரிண்ணே. இரண்டு வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டிருக்கிறேன். இன்று மூலக்கடையில் மூன்றாம் கியரிலேயே ஏறிவிட்டது.