வெள்ளை கார்டு செத்தது மார்ச்சிலா, மேயிலா?

மோல்மேன் முத்து:
நேத்து ஒருத்தர் இங்கே எழுதியிருக்கார்: "குடியுரிமை இல்லாதவங்களைக் கேட்காம இந்த மியன்மார் நாட்டுல எதுவும் முடிவாகல. 2015ல வெள்ளை கார்டை ரத்து செஞ்சப்போகூட மே 31 வரைக்கும் அவகாசம் கொடுத்தாங்க." சயாஜி (ஐயா), வெள்ளை கார்டுங்கிறது குடியுரிமை இல்லாதவங்களுக்குக் கொடுத்த தற்காலிகப் பதிவு அட்டை, அது செத்தது மார்ச் 31. மே 31ங்கிறது செத்த கார்டை ஒப்படைக்கக் கடைசி நாள். அதுக்குப் பேர் கருத்துக் கேக்குறதா?

பாகோ சேது:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், என்ன பயம்? மே 31னு அறிவிப்பிலேயே இருக்கு. 2008 அரசியலமைப்புக் கருத்தெடுப்புல கார்டுக்காரன் ஓட்டுப் போட்டான், 2010 தேர்தல்லயும் போட்டான். இதுக்கு மேல எப்படிச் சேத்துக்கணும்? மடியில தூக்கி வெச்சா?

மோல்மேன் முத்து:
2015 பிப்ரவரியில கார்டுக்காரனுக்கு ஓட்டு உண்டுன்னு சட்டம் வந்துச்சு. அதை எதிர்த்துப் பிக்குகள் தெருவுல இறங்கினாங்க, அதே மாசம் கார்டு ரத்துன்னு அறிவிப்பு. நடுவுல கார்டுக்காரனை எவன் கூப்பிட்டான்? மார்ச் 31.

கூப்பிடுறதுக்கும் முறை இருக்கு. ரக்கைன் மாநிலத்துல ஒரு டவுன்ஷிப்லேர்ந்து அடுத்ததுக்குப் போக ரொஹிங்கியாவுக்கு ஃபாரம் 4ங்கிற பயண அனுமதிச் சீட்டு வேணும். கொடுக்கிறது லவக, அதாவது குடிவரவு ஆபீஸ். லவகவைப் பத்திக் குறை சொல்லப் போறவன் லவக கிட்டயே "எங்கே, எதுக்கு"ன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போகணும். சீட்டு கைக்கு வர்றதுக்குள்ள கூட்டம் கலைஞ்சிரும். அதனால கூட்டம் கிராமத்துக்குப் போகணும், ஆளைத் தலைநகர் நேப்பிடோவுக்கு இழுக்கக் கூடாது. ஆபீஸ் கட்டடம், வார்டுத் தலைவர் வீடு ரெண்டும் ஆகாது. வாசல்ல பேர் எழுதினா பாதிப் பேர் திரும்பிடுவான், கையெழுத்துக் கேட்டா மிச்சப் பேரும். பேசப்போற விஷயத்தை முன்கூட்டியே அவங்க மொழியில குரல் பதிவா அனுப்பணும். பொம்பளைங்களுக்குத் தனியா உக்கார வைக்கணும்.

தன்லின் கண்ணன்:
முத்து அண்ணே, ரக்கைன் பிரச்சனையை ஆராய்ஞ்ச கோஃபி அன்னான் கமிஷன்ல ரெண்டு முஸ்லிம் இருந்தாங்களே?

மோல்மேன் முத்து:
மொத்தம் 9 பேர். முஸ்லிம் 2, ரக்கைன் இனத்தார் 2, ரொஹிங்கியா ஒருத்தர்கூட இல்லை. ஊர் ஊராப் போய்க் கேட்டாங்க, அதை மறுக்கல. ஆனா 88 பரிந்துரையை எழுதின மேசையில அவனுக்கு நாற்காலி இல்லையே தம்பி.

பாகோ சேது:
எதைக் கேட்டாலும் ஒரு எண்ணோட வர்றார். கோயில் கமிட்டித் தேர்தல்ல வாங்கின ஓட்டையும் இப்படி எண்ணியிருக்கலாம். மே 31.

டாலா தேவி:
ரெண்டு பேரும் ரக்கைன்லயே நில்லுங்க. வெளிநாட்டவர் பதிவுச் சான்று வெச்சிருக்கிற நம்ம எஃப்.ஆர்.சி.காரங்க கதை என்ன? 1982 குடியுரிமைச் சட்டப்படி பிரஜையாகணும்னா, 1948 ஜனவரி 4க்கு முன்னாடியே குடும்பம் இங்கே குடியிருந்ததுக்கு ஆதாரம் கேக்குறான். தாத்தா பேர் ஒரு காகிதத்துல தமிழ்ப் பேர், குடும்பப் பட்டியல்ல பர்மியப் பேர். ரெண்டும் ஒரே ஆள்னு காட்டாத வரைக்கும் கோப்பு நகராது. அந்த விதியைப் போடும்போது நம்மளை யார் கேட்டா?

பாகோ சேது:
எஃப்.ஆர்.சி. வேற, வெள்ளை கார்டு வேற. குழப்பாதீங்கம்மா.

டாலா தேவி:
குழப்புறது நானா?

மோல்மேன் முத்து:
தேவிம்மா கேட்டது நியாயம், அதுக்கு அப்புறம் வர்றேன். பங்களாதேஷ்ல ரொஹிங்கியா அகதி முகாம் இருக்கிற காக்ஸ் பஜாரைப் பாருங்க. ரெண்டு அரசாங்கமும் உக்காந்து, யாரைத் திருப்பி அனுப்புறதுன்னு பட்டியல் போட்டாங்க. 2018 நவம்பர் 15, 2019 ஆகஸ்ட் 22, ரெண்டு தடவையும் பஸ்ஸு வந்து நின்னுச்சு. ஒரு ஆள் ஏறல. பட்டியல்ல இருந்தவனைக் கேட்டுப் பட்டியல் போட்டிருந்தா டீசலாவது மிஞ்சியிருக்கும். "மாஜிகளைக் கேட்டோம்"னு சொல்லாதீங்க, மாஜிங்கிற முகாம் தலைவர் பங்களாதேஷ் பட்டாளம் நியமிச்ச ஆள்.

பாகோ சேது:
பஸ் கதை எதுக்கு? மே 31க்குப் பதில் எங்கே?

மோல்மேன் முத்து:
மார்ச் 31. அறிவிப்பைப் பர்மிய மொழியிலேயே படிங்க.

பாகோ சேது:
பர்மியம் எனக்கே சொல்லித் தர்றீங்களா? கமிட்டிக் கணக்கை உங்களுக்குப் பர்மியத்துல எழுதிக் கொடுத்தது யாருன்னு சொல்லட்டுமா?

மோல்மேன் முத்து:
சொல்லுங்க. ரசீதோட சொல்லுங்க.

தன்லின் கண்ணன்:
அண்ணே, ரசீது புத்தகம் யார்கிட்ட இருக்கு?