12 பாயின்ட், 5 ஸ்பேட்: ஓபன் பண்ணினது தப்பா?

புதுக்கை_பெங்களூரு
பிரிட்ஜ் ஆட்டத்துல எனக்கு 12 பாயின்ட் (ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1), 5 ஸ்பேட் இருந்தது. 1 ஸ்பேட்னு ஏலத்தை ஓபன் பண்ணேன். கடைசியில ஏலத்துல சொன்னதைவிட ரெண்டு பிடி குறைஞ்சு மைனஸ் 200. பாஸ் பண்ணியிருக்கணும்னு பார்ட்னர் சாதிக்கிறார். 12 இருந்தா ஓபன்தானே? வியாழக்கிழமை மறுபடி ஆட்டம், சீக்கிரம் சொல்லுங்க.

டம்மி_கை
13 சீட்டையும் எழுதுங்க. ஏலத்துல எத்தனாவது ஆளா பேசினீங்க? பேர்ஸா (ஜோடிப் போட்டி), டீமா? ரெண்டு குறைஞ்சு 200னா வல்னரபிள் (குறைஞ்சா அபராதம் அதிகமான நிலை), எதிராளி டபுள் சொல்லி அபராதத்தை ஏத்தலை. அது ஒண்ணுதான் தெரியுது.

புதுக்கை_பெங்களூரு
ஸ்பேட் குயின் 9 7 4 2, ஹார்ட் கிங் ஜாக், டைமண்ட் குயின் ஜாக் 5, கிளப் கிங் 8 4.

அல்சூர்_ஏஸ்
ரூல் ஆஃப் 20 போடுங்க, 20 வந்தா ஓபன். பாயின்ட்டோட நீளமான ரெண்டு சூட்டையும் கூட்டினா 12 + 5 + 3 = 20. லூசர் (தோற்கக்கூடிய பிடி) எண்ணினாலும் ஸ்பேட் 2, ஹார்ட் 1, டைமண்ட் 2, கிளப் 2, மொத்தம் 7. ஓபன்தான், சந்தேகமே வேண்டாம்.

ஜெயநகர்_சீனியர்
கூட்டல் எல்லாம் ஒண்ணாங்கிளாஸ்லயே முடிஞ்சிடுது தம்பி. கையைப் பாருங்க. ஒரு ஏஸ் கிடையாது. 4-3-2-1 கணக்கு ஏஸைக் குறைச்சும் குயின், ஜாக்கைக் கூட்டியும் மதிப்பு போடுது. ஹார்ட்ல கிங் ஜாக் ரெண்டே சீட்டு, காவலுக்குச் சின்னச் சீட்டு இல்லை. அதுக்கு ஒரு பாயின்ட் கழிக்கணும். குயிக் ட்ரிக் (சீக்கிரமே கிடைக்கிற பிடி) எண்ணுங்க: கிங்குக்கு அரை, இன்னொரு கிங்குக்கு அரை, அவ்வளவுதான். ஓபனுக்கு 2 வேணும்.

இதையும் பாருங்க: ஸ்பேட் ஏஸ் கிங் 10 7 4, ஹார்ட் ஏஸ் 8 6 3, டைமண்ட் 8 5, கிளப் 8 4. 11 பாயின்ட்தான், ஆனா குயிக் ட்ரிக் 3. கண்ணை மூடிக்கிட்டு ஓபன் பண்ணலாம். ஜாக்தான் பெரிய சீட்டுன்னு இருக்கற இருபத்தெட்டு ஆட்டம் ஆடி வந்தவங்களுக்குத்தான் ஜாக்கைக் கண்டா கை துறுதுறுங்கும்.

டம்மி_கை
@அல்சூர்_ஏஸ் லூசர் கணக்கு துருப்புப் பொருத்தம் (பார்ட்னரோட சேர்த்து துருப்பு போதுமான அளவு இருக்கறது) தெரிஞ்ச பிறகு போடறது. இல்லாத ஏஸுக்கு ஒன்றரை, கிங்குக்கு ஒண்ணு, குயினுக்கு அரைன்னு புது முறையில எண்ணினா இதே கைக்கு எட்டரை வருது.

அல்சூர்_ஏஸ்
அரையரையா எண்ணி முடிக்கறதுக்குள்ள எதிராளி டைரக்டரை, அதாவது நடுவரை, கூப்பிட்டுடுவார் சார்.

ஜெயநகர்_சீனியர்
எண்ணத் தெரிஞ்சவனுக்கு அஞ்சு செகண்ட் போதும்.

அல்சூர்_ஏஸ்
அப்ப எண்ணாமலே பார்த்துச் சொல்றேன்னு நேத்து இன்னொரு இழையில எழுதினது யாரு?

டம்மி_கை
சண்டை அப்புறம். எத்தனாவது ஆளுன்னு இன்னும் சொல்லலையே?

புதுக்கை_பெங்களூரு
நாலாவது. மூணு பேரும் பாஸ். பேர்ஸ்தான். பார்ட்னர் 3 ஸ்பேட் சொன்னார், நான் 4 போட்டேன்.

டம்மி_கை
இதைத்தானே முதல்ல சொல்லியிருக்கணும்! நாலாவது இடத்துல கணக்கே வேற: பாயின்ட்டோட ஸ்பேட் எண்ணிக்கையைக் கூட்டி 15 வந்தா ஓபன். உங்களுக்கு 12 + 5 = 17. ஸ்பேட் நம்ம கையில இருந்தா, 2 ஸ்பேடுக்கு மேல பேச எதிராளிகள் 3க்கு ஏறணும். அதனால ஓபன் சரி. தப்பு 4 போட்டதுல. அவர் ஏற்கெனவே பாஸ் பண்ணவர், 3 ஸ்பேட் சொன்னா 10, 11 பாயின்ட்தான். ஏஸே இல்லாத 12ஐ வெச்சுக்கிட்டு அங்கேயே நிக்கணும்.

அவர் 3க்குத் தாவினதும் தேவையில்லாததுதான். ரிவர்ஸ் ட்ரூரிங்கற ஏல ஏற்பாட்டைப் பார்ட்னரோட பேசி வெச்சுக்குங்க. மூணாவது, நாலாவது இடத்துல நீங்க 1 ஹார்ட்டோ 1 ஸ்பேடோ ஓபன் பண்ணா, பாஸ் பண்ண பார்ட்னர் 2 கிளப் சொல்வார். கிளப் இருக்குன்னு அர்த்தமில்லை. 'பொருத்தம் இருக்கு, 10 பக்கம் பாயின்ட் இருக்கு'ன்னு அர்த்தம். கை மட்டம்னா நீங்க 2 ஸ்பேட் சொல்லி நிறுத்திடலாம். உங்களுக்குக் கிடைச்சது 8 பிடி. 4 ஸ்பேடுக்கு 10 வேணும், 2 ஸ்பேடுக்கு 8 போதும். 2 ஸ்பேட்ல நின்னிருந்தா பிளஸ் 110.

ஜெயநகர்_சீனியர்
நாலாவது இடம்னா நானும் ஓபன்தான். கேள்வியில அது இல்லையே.

புதுக்கை_பெங்களூரு
ட்ரூரி குறிச்சுக்கிட்டேன், நன்றி. இழையைப் பார்ட்னருக்கு அனுப்பினேன். பார்த்துட்டார், பதில் இல்லை.