புதுப்பிப்பு: அம்மாவின் ஃப்ளூவும் வீடியோ டாக்டரும்

அம்மாவுக்குத் திடீரென்று கடும் காய்ச்சல், உடம்புவலி. வீடியோவில் டாக்டரைப் பார்த்தே வைரஸுக்கான மாத்திரை வாங்க முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிந்தது. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

டாக்டரின் முதல் கேள்வியே, "எப்போ ஆரம்பிச்சது?" என்பதுதான். ஓசல்டாமிவிர் என்ற அந்த ஃப்ளூ வைரஸ் மாத்திரையை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். செல்லுக்குள் பெருகிய வைரஸ் வெளியேறி அடுத்த செல்லுக்குப் பரவுவதைத்தான் அது தடுக்கிறது. அதனால்தான் இந்த அவசரம். அம்மாவுக்கு 65 வயதுக்கு மேல், சர்க்கரையும் உண்டு. அதனால் ஃப்ளூ பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றார்.

நான் எதிர்பார்க்காத அளவுக்குக் கவனமாகப் பார்த்தார். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பேசவைத்தார். கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி மூச்சை எண்ணினார். சிறுநீரகக் கோளாறு உண்டா என்றும் விசாரித்தார், இருந்தால் மருந்தளவைக் குறைக்க வேண்டுமாம். அப்புறம்தான் சீட்டு: 75 மில்லிகிராம், காலையும் இரவும், 5 நாள். சாப்பிட்டதும் போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும்.

ஆன்டிபயாட்டிக் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது பாக்டீரியாவுக்கானது, ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. தயவுசெய்து நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு இருந்தாலோ, காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினாலோ வீடியோவெல்லாம் வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.