ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்னா, ஒரு நாட்டுக்கு ஆயிரம் பேர் பதமா?

கரண்டிக்காரன்:

டீ நேரத்து அரட்டையில ரெண்டு வாக்குவாதம் தீராம இழுத்துட்டே இருக்கு. விஷயம் தெரிஞ்சவங்க யாராவது தீர்த்து வைங்க.

முதலாவது, தேர்தல் கருத்துக்கணிப்பு. பத்துக் கோடி வாக்காளர் இருக்கிற நாட்டுல ஆயிரம் பேரைக் கேட்டுட்டு "41க்கு 38, இந்தக் கட்சி முன்னிலை"ன்னு போடுறாங்க. அதாவது லட்சத்துல ஒருத்தர். அதை வச்சு என்ன தெரியும், ஒரு கோடி பேரையாவது கேட்க வேண்டாமான்னு ஒரு தரப்பு. ஒரு சோறு பதம் பார்த்தா போதும்னு இன்னொரு தரப்பு.

ரெண்டாவது, டீ. கோப்பையில பாலை முதல்ல ஊத்திட்டு மேல டிகாஷன் ஊத்தினதா, இல்ல டிகாஷன்ல பால் ஊத்தினதான்னு குடிச்சுப் பார்த்தே சொல்லிடுவேன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். அப்படியொண்ணு, இப்படியொண்ணுன்னு ரெண்டு ரெண்டா நாலு கோப்பை வச்சதுல நாலையும் சரியாச் சொல்லிட்டார். நிரூபணம் ஆயிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

சல்லடை:

கருத்துக்கணிப்பை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழமொழி சரி. ஆனால் அது எந்தப் பானைக்குச் சரி என்று பார்க்க வேண்டும். அரிசி கொதித்து மேலும் கீழுமாகப் புரண்ட பானையில் ஒரு பருக்கை போதும். பானை பெரிதா சிறிதா என்பது அங்கே பொருட்டே இல்லை. கிளறாத பானையில் மேலாக ஒரு குத்து அள்ளிப் பார்த்தாலும் அடியில் பிடித்துக் கிடப்பது தெரியாது.

நாட்டைப் பொறுத்தவரை கிளறுவது என்றால் குலுக்கல். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். அப்படி எடுத்தால் பிழை வரம்பைப் போடுவது எளிது: 98ஐ, கேட்ட ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 1000 பேருக்கு வர்க்கமூலம் 31.6, எனவே பிழை ±3.1 சதவீதம். இப்படிப் பலமுறை கணிப்பு நடத்தினால் 100க்கு 95 முறை உண்மை இந்த வரம்புக்குள் விழும் என்பது இதன் பொருள். 4000 பேரைக் கேட்டால் ±1.55, 10,000 பேரைக் கேட்டால் ±0.98. பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டியிருப்பதால்தான் பலரும் ஓரிரு ஆயிரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்தக் கணக்கில் மக்கள்தொகை எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். கிட்டத்தட்ட வருவதே இல்லை. மொத்தமே 10,000 பேர் உள்ள ஊரில் 1000 பேரைக் கேட்டால் ±2.9. பத்துக் கோடி பேர் உள்ள நாட்டில் அதே 1000 பேரைக் கேட்டால் ±3.1. வித்தியாசம் அவ்வளவுதான். "லட்சத்தில் ஒருவர்" என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது.

ஒரு கோடி பேரைக் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு: ஒருமுறை அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடி பேருக்கு அஞ்சல் அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை வைத்து, அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அறிவித்தார்கள். நடந்ததோ நேர் எதிர். ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்கு வாங்கி, 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர் அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார்.

எங்கே தவறியது? முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பெருமந்தம் எனப்படும் அந்த 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அவர்கள் ஓரளவு வசதியானவர்கள். இதைவிடப் பெரிய ஓட்டை, பதில் எழுதியவர்கள் யார் என்பது. ஆட்சி மேல் அதிருப்தி உள்ளவர்தான் முனைந்து அட்டையை நிரப்பித் தபாலில் போடுவார். 20 லட்சம் என்ன, 50 லட்சம் வந்திருந்தாலும் அந்தச் சாய்வு போயிருக்காது. குலுக்கல் பிழை எண்ணிக்கை கூடக்கூடக் குறையும். சாய்வு அப்படியே நிற்கும்.

கேலப்பும் 1948இல் சறுக்கினார். டூயி வெல்வார் என்றார், ட்ரூமன் வென்றார். அப்போது பின்பற்றிய முறைக்கு ஒதுக்கீட்டு முறை என்று பெயர்: இத்தனை ஆண், இத்தனை பெண், இந்த வயதில் இத்தனை பேர் என்று இலக்கு கொடுத்துவிட்டு, அதற்குள் யாரைக் கேட்பது என்பதைப் போய்க் கேட்பவர் கையில் விட்டுவிடுவது. கேட்பவர் எளிதில் கிடைக்கிற ஆளிடம்தான் போவார். போதாததற்குத் தேர்தலுக்குச் சில வாரம் முன்பே கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசி நேரத்தில் மனம் மாறியவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

இப்போது உங்கள் 41க்கு 38. ±3.1 என்பது ஒவ்வொரு கட்சியின் சதவீதத்துக்கான உச்ச வரம்பு. முன்னிலைக்கான பிழை வேறு, அது பெரியது. ஒரு கட்சிக்கு ஒரு சதவீதம் கூடினால் பெரும்பாலும் மற்றதற்குக் குறைகிறது, அதனால் இடைவெளி இருமடங்கு ஆடும். 1000 பேரில் 41–38 என்றால் முன்னிலை 3, பிழை ±5.5. "யார் முன்னிலை என்று சொல்ல முடியாது" என்பதே நேர்மையான தலைப்பு. உட்பிரிவுகளில் இன்னும் மோசம். அந்த ஆயிரத்தில் 25 வயதுக்குட்பட்ட பெண்கள் 120 பேர் என்றால் அவர்களைப் பற்றிச் சொல்வது ±9 சதவீதம். "இளம்பெண்கள் ஒரே மாதத்தில் 6 சதவீதம் அணி மாறினர்" என்று செய்தி வந்தால் தாராளமாகக் கடந்து போகலாம்.

எடை போடுவது பற்றியும் ஒரு வரி. பாதிக்குப் பாதி இருக்க வேண்டிய இடத்தில் 600 ஆண், 400 பெண் கிடைத்தால் ஒவ்வொரு ஆணின் பதிலையும் 0.83 ஆகவும், பெண்ணின் பதிலை 1.25 ஆகவும் எண்ணிச் சரிக்கட்டுவார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் பதில் சொன்ன 400 பெண்களும் சொல்லாத பெண்களும் ஒரே மாதிரி நினைப்பவர்களாக இருந்தால்தான் இது பலிக்கும்.

துலாக்கோல்:

டீ என் பங்கு. உங்கள் நண்பருடைய கேள்வி புள்ளியியலில் பெயர் பெற்ற கேள்வி. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற விஞ்ஞானி இதையேதான் சொன்னார். உடன் வேலை பார்த்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், 1935இல் வெளியிட்ட நூலில் இதற்கான சோதனையை 8 கோப்பைகளை வைத்து விளக்கினார்.

நாலு கோப்பை போதாது. எவை இரண்டு 'பால் முதல்' என்று தேர்ந்தெடுக்க மொத்தமே 6 வழிதான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஆறில் ஒரு முறை நாலும் சரியாக அமையும். 6 கோப்பை, மூன்று மூன்று என்றால் 20 வழி, அதாவது 5 சதவீதம். 8 கோப்பை என்றால் 70 வழி, முழுதும் சரியாக வருவதற்கு 1.4 சதவீதம். ஆனால் 8இல் ஒரு ஜோடி இடம் மாறினாலும் கதை முடிந்தது. அந்த அளவோ அதைவிட நன்றாகவோ குருட்டாம்போக்கில் சொல்ல 70இல் 17 வழி, 24 சதவீதம். நன்றாக ருசி பார்க்கத் தெரிந்தவருக்கும் ஒரு தடவை தவறும் என்பதால் 12 கோப்பை வையுங்கள், ஆறு ஆறாக. 924 வழி. ஒரு ஜோடி மாறினாலும் வாய்ப்பு 4 சதவீதம்தான், ஏற்றுக்கொள்ளலாம். எத்தனை சரியானால் ஒப்புக்கொள்வோம் என்பதை ஊற்றுவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

செய்முறை: டிகாஷனை ஒரே பாத்திரத்தில் இறக்கி, வடிகட்டி, ஃபிளாஸ்க்கில் வையுங்கள். கோப்பைக்கு 100 கிராம் டிகாஷன், 15 கிராம் பால், இரண்டையும் தராசில் நிறுத்து. கண்ணளவு வேண்டாம். பால் 2 கிராம் கூடினாலே நிறம் காட்டிக்கொடுத்துவிடும். 85 டிகிரி டிகாஷனும் 5 டிகிரி பாலும் சேர்ந்தால் எந்த வரிசையில் ஊற்றினாலும் 75 டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். எல்லாம் 60 டிகிரிக்கு இறங்கிய பிறகு கொடுங்கள். பால் முதலில் ஊற்றிய கோப்பையின் உட்சுவரில் படலம் ஒட்டியிருக்கும். அதனால் கலந்ததை வேறொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றுவது நல்லது. எண்ணைக் கோப்பையின் அடியில் எழுதுங்கள்.

வரிசையை மனசால் போடாதீர்கள். நாமாக வரிசை போட்டால் ஒன்றுவிட்டு ஒன்று மாற்றுவோம், ஒரே வகை மூன்று அடுத்தடுத்து வர விடமாட்டோம். குடிப்பவர் அதை ஊகித்துவிடுவார். சீட்டுக்கட்டில் 6 சிவப்பு, 6 கறுப்பு எடுத்துக் குலுக்கி, வந்தபடி ஊற்றுங்கள்.

ஊற்றியவர் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பெர்லினில் கிளெவர் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குப் போட்டது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை என்று 1907இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் காட்டினார். கேட்பவர் தன்னையறியாமல் செய்த சின்னத் தலையசைவைத்தான் அது படித்துக்கொண்டிருந்தது. மனுஷன் குதிரையைவிட நன்றாக முகம் படிப்பான்.

வித்தியாசம் இருக்கவே முடியாது என்று முன்கூட்டியே தள்ளிவிடவும் வேண்டாம். பாலைச் சூடான டிகாஷனில் ஊற்றும்போது முதலில் விழும் துளிகள் 75 டிகிரிக்கு மேல் சூடாகி அவற்றின் புரதம் உருக்குலையும். டிகாஷனைப் பால் மேல் ஊற்றினால் சூடு படிப்படியாக ஏறும். பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி 2003இல் பால்தான் முதலில் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். ஆனால் பாலை ஏற்கெனவே பொங்கக் காய்ச்சியிருந்தால் அந்தப் புரதம் அப்போதே உருக்குலைந்திருக்கும், இந்தக் காரணம் பெரும்பாலும் செல்லாது. உங்கள் நாலு கோப்பையில் எந்தப் பால்? சோதனைக்குக் காய்ச்சாத பாஸ்டரைஸ் பால்தான் வேண்டும்.

மாலைத்தென்றல்:

துலாக்கோல் அண்ணா, ஒரு யோசனை. பாலோட இனிப்பு நுனிநாக்குல தெரியும், டிகாஷன் கசப்பு அடிநாக்குலதானே. நுனிநாக்குல மட்டும் வச்சுப் பார்க்கச் சொன்னா குழப்பம் குறையாதா? இன்னொண்ணு, வித்தியாசம் தெரியுதோ இல்லையோ, எது *நல்லா* இருக்குன்னு எப்படி முடிவு பண்றது?

துலாக்கோல்:

தங்கச்சி, அந்த நாக்கு வரைபடம் பாடப்புத்தகத்திலேயே இருந்தது, ஆனால் தவறு. 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் ஓரங்களில் சுவை உணர்வு கொஞ்சம் ஏறி இறங்குவதை அளந்தார். 1942இல் எட்வின் போரிங் அதை வரைந்த விதத்தில், சிறு ஏற்ற இறக்கம் "இங்கே மட்டும் இனிப்பு, அங்கே மட்டும் கசப்பு" என்பது போலப் படிக்கப்பட்டுவிட்டது. 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்தபோது வித்தியாசம் இருந்தது, ஆனால் மிகச் சிறியது. சுவை மொட்டு இருக்கிற இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கின் ஓரத்திலோ பின்பக்கத்திலோ வைத்துப் பாருங்கள். நுனிநாக்கோடு நிறுத்தினால் மூக்குக்குப் போகும் மணமும் போய்விடும், டீயில் பாதி அதுதான். வாய் நிறைய ஒரு மடக்கு, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிப்பு, அரை நிமிஷம் இடைவெளி.

எது நல்லது என்பது வேறு சோதனை. அதற்கு ஒரே ஆளை 12 முறை கேட்டால் அவருடைய ரசனை மட்டும்தான் தெரியும். பல பேர் வேண்டும், அவர்களில் பாதிப்பேருக்கு இது முதலில், பாதிப்பேருக்கு அது முதலில். முதலில் குடித்ததைப் பிடித்துப்போகும் பழக்கம் பலருக்கு உண்டு.

கரண்டிக்காரன்:

பால் காய்ச்சினதுதான். அப்போ திரும்பவும் முதல்லேருந்து. வேலை மிச்சம் பண்ண, ஒரு ஜக்ல பால் முதல்ல, இன்னொரு ஜக்ல டிகாஷன் முதல்லன்னு மொத்தமாக் கலந்து ஆறாறு கோப்பையா பிரிச்சுடலாமா?

துலாக்கோல்:

கூடாது. ஒரு ஜக்கில் பால் துளி கூடிவிட்டால் ஆறு கோப்பையும் அதே மாதிரி கூடியிருக்கும். அவர் ஜக்கைக் கண்டுபிடிப்பார், நீங்கள் ஊற்றிய வரிசையைக் கண்டுபிடித்தார் என்று எழுதிக்கொள்வீர்கள். வெளியே 12 கோப்பை, உள்ளே இரண்டே இரண்டு. ஒவ்வொரு கோப்பையையும் தனித்தனியாகக் கலக்க வேண்டும்.

சல்லடை:

இதே ஜக்குதான் கருத்துக்கணிப்பிலும் இருக்கிறது. செலவைக் குறைக்க 50 இடங்களுக்குப் போய் இடத்துக்கு 20 பேர் என்று 1000 பேரைக் கேட்பார்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஓரளவு ஒரே மாதிரி வாக்களிப்பார்கள். அந்த ஒற்றுமை அளவு (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே மாதிரி) 0.05 என்று வைத்தால்கூட, இடத்துக்கு 20 பேரில் ஒன்றைக் கழித்த 19ஐ அதால் பெருக்கி 1 கூட்டுங்கள், 1.95. ஆயிரத்தை அதால் வகுத்தால் 513. ஆயிரம் பேரைக் கேட்டும் 513 பேரைக் கேட்ட பலன்தான், பிழை ±4.3. அடுத்த முறை கணிப்பு வந்தால் எத்தனை பேர் என்பதோடு எத்தனை இடம் என்பதையும் தேடிப் பாருங்கள்.