புதுப்பிப்பு: கிதாரோ ரயிலில் போய் வந்தோம்

ஜப்பானில் யொனாகோவிலிருந்து சகாய்மினாதோ போகும் கிதாரோ ரயிலுக்கு முன்பதிவு வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். (கிதாரோ, ஜப்பானியப் படக்கதையில் வரும் பேய்ச் சிறுவன்; அந்தக் கதையின் பேய், பூதங்களை வரைந்த ரயில் இது.) வேண்டாம். ஊர்க்காரர்கள் தினமும் ஏறும் சாதாரண ரயில்தான், சாதாரண டிக்கெட் போதும்.

யொனாகோவில் 0 எண் நடைமேடைக்குப் போங்கள். ஜப்பானியத்தில் பூஜ்யம், ஆவி இரண்டுக்குமே 'ரேய்' என்ற உச்சரிப்பு உண்டு. பேய் ரயிலுக்கு வேறெந்த மேடை பொருந்தும்! 16 நிலையங்களுக்கும் பேய், பூதங்களின் செல்லப்பெயர். 17.9 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். என் மகள் பாதி வழி அண்ணாந்து கூரையில் வரைந்திருந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பள்ளி மாணவன் பையை அணைத்தபடி அசந்து தூங்கினான்.

அப்புறம், கடைசி நிலையத்தோடு திரும்பிவிடாதீர்கள். கிதாரோவைப் படைத்த படக்கதை ஓவியர் மிசுகி ஷிகெரு வளர்ந்த ஊர் அது. தெருவோரம் பேய், பூதங்களின் 170-க்கும் மேற்பட்ட வெண்கலச் சிலைகள். எங்களுக்கு அரை நாள் போதவில்லை.