நெயில் ஆர்ட் போட்டால் பட்டு நூல் மாட்டுகிறது. நூல், மணியை எப்படி அடுக்குவது?

மணிச்சரம்

ஆரி (கொக்கி ஊசியால் துணியில் போடும் எம்பிராய்டரி), குரோஷே (கொக்கி ஊசியால் நூல் பின்னல்) இரண்டும் வீட்டில் செய்கிறேன். நகத்தில் நூல்கண்டு, பட்டன், பூனைக்குட்டி என்று விளையாட்டாக டிசைன் போடப் பிடிக்கும். கல் ஒட்டினால் பட்டு நூல் மாட்டி இழை பிரிகிறது. கல் இல்லாமல் கோடு வரைந்தால், டாப் கோட் (மேல்பூச்சு) அடித்ததும் கோடு கலங்கிவிடுகிறது.

இன்னொரு சிக்கல்: கம்பளி, ஆங்கர் எம்பிராய்டரி நூல், ஜரி, ஜர்தோசி (சுருள் உலோகக் கம்பி), மணி எல்லாம் ஒரே பெரிய டப்பாவில் கிடக்கின்றன. வீடு கடற்கரைப் பக்கம். அந்துருண்டை போட்டும் ஜரி கறுக்கிறது. தனி அறை கிடையாது, அலமாரியில் ஒரு தட்டுதான். வழி சொல்லுங்கள்.

பத்துவிரல்

முதலில் எந்த விரல் நூலைத் தொடுகிறது என்று பாருங்கள் தோழி. ஆரியில் வலது கை மேலே ஊசியைப் பிடிக்கும். சட்டத்துக்கு அடியில் இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூலை ஊட்டும். குரோஷேயில் இடது ஆள்காட்டி விரல் மேல் நூல் ஓடும், பலர் சுண்டுவிரலிலும் ஒரு சுற்று சுற்றுவார்கள். ஆகவே இடது கையில் கல்லே வேண்டாம், தட்டையான டிசைன் மட்டும். கல் ஆசைக்கு வலது மோதிர விரல் இருக்கிறது. அங்கேயும் கல்லைச் சுற்றியுள்ள இடுக்கை மெல்லிய பிரஷ்ஷால் டாப் கோட் விட்டு நிரப்புங்கள். நூல் மாட்டுவது அந்த இடுக்கில்தான்.

நக நுனியை 240 கிரிட் அரத்தால் ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் நுனி செதில் செதிலாகப் பிரியும். தேய்த்தபின் பழைய ஷிஃபான் துண்டின் மேல் நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். எங்கே துணி பிடிக்கிறதோ அங்கே இன்னும் சொரசொரப்பு இருக்கிறது.

நூல்கண்டு டிசைன்: பேஸ் கோட் (அடிப்பூச்சு), அதன்மேல் வெளிர் நிறத்தில் மெல்லிதாக இரண்டு கோட், இடையில் 3 நிமிடம். உருண்டைத் தலை குண்டூசியைப் பாலிஷில் தோய்த்து, நகத்தின் நடுவில் சின்ன வட்டமாகச் சுழற்றிப் பெரிய பொட்டு வையுங்கள். 5 நிமிடம் கழித்து மெல்லிய பிரஷ்ஷால் ஒரு பக்கம் சாய்ந்து மூன்று வளைகோடு, அதற்குக் குறுக்கே மூன்று. கண்டிலிருந்து அவிழ்ந்த வால் நக ஓரம்வரை ஓடட்டும். அதே உயரத்தில் அடுத்த நகத்தில் தொடங்கினால், விரல்களைச் சேர்க்கும்போது ஒரே நூல் ஐந்து நகத்திலும் ஓடுவதுபோல் இருக்கும். சுண்டுவிரலில் அந்த வாலைப் பிடித்து இழுக்கும் பூனையை வையுங்கள், அவ்வளவு அழகு!

கோடு கலங்கக் காரணம், டாப் கோட்டில் உள்ள கரைப்பான் காயாத பாலிஷை மறுபடி கரைப்பது. 15–20 நிமிடம் விடுங்கள். பிறகு பிரஷ்ஷில் நிறைய எடுத்து, முடிகள் நகத்தைத் தொடாமல் அந்தத் துளியை மட்டும் ஒரே இழுப்பில் நகர்த்துங்கள். நக நுனியின் விளிம்பிலும் ஒரு தீற்று. கோடுகளுக்கு மட்டும் அக்ரிலிக் பெயிண்ட் எடுத்தால் கலங்குவது வெகுவாகக் குறையும், அது தண்ணீரில் கரைத்தது. பாலிஷ் காய்ந்துவிட்டது என்று நினைத்து உடனே கம்பளியை எடுக்காதீர்கள். 2 மணி நேரமாவது விடாவிட்டால் நூலின் தடம் அப்படியே பதியும்.

கம்பளிக்கூடை

நிறம் பார்த்து அடுக்குவது கண்ணுக்கு அழகு, பொருளுக்குக் கேடு. நார் பார்த்துப் பிரியுங்கள். அசல் கம்பளியையும் பட்டு நூலையும் அந்துப்பூச்சியின் புழு தின்னும். அக்ரிலிக் நூலை அது தொடாது, அதைத் திறந்த கூடையில் வைத்தாலும் போதும், வெயில் படாமல் இருந்தால் சரி. பருத்தியிலும் ரேயானிலும் இராமபாணப் பூச்சி வரும், அதற்கு ஈரம் வேண்டும்.

கம்பளியை ஜிப் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். புழு சந்தேகம் இருந்தால் பையோடு ஒரு வாரம் ஃப்ரீஸரில் வையுங்கள். எடுத்ததும் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வருமுன் திறந்தால் நூலிலேயே நீர் கோக்கும். வசம்பு வைப்பதானால் துணியில் முடிந்து வையுங்கள், நேராகப் பட்டால் எண்ணெய்க் கறை.

கம்பளியை இறுக்கிச் சுற்றாதீர்கள். இழுபட்ட நிலையிலேயே பின்னிவிட்டு, துவைத்ததும் சுருங்குகிறதே என்போம். இரண்டு விரலை உள்ளே வைத்துச் சுற்றி, பிறகு விரலை உருவினால் தளர்வு சரியாக இருக்கும். லேபிளைத் தூக்கிப் போடவே கூடாது. அதில் உள்ள சாய எண் மாறினால் ஒரே நிறம் என்று வாங்கியதும் பின்னியபின் பட்டையாகத் தெரியும்.

ஊசிமுனை

ஜரிக்கு அந்துருண்டை உதவாது. கறுப்பது பூச்சியால் அல்ல. காற்றில் உள்ள கந்தகமும் ஈரமும் உலோகத்தில் படிவதால். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள், ரப்பரிலும் கந்தகம் உண்டு. சுருளை துவைத்த மல் துணியில் சுற்றி, இறுக மூடும் 5 லிட்டர் டப்பாவில் ஈரம் உறிஞ்சும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 50 கிராமோடு வையுங்கள். அந்த ஜெல்லின் ஆரஞ்சு மணி பச்சையானால் ஈரம் குடித்து முடித்தது என்று பொருள். தட்டில் கொட்டி ஓவனில் 120 டிகிரியில் காயவைத்தால் திரும்ப ஆரஞ்சாகும்.

ஜர்தோசி ஸ்பிரிங் மாதிரி. ஒருமுறை இழுபட்டால் பழைய நிலைக்கு வராது. ஜூஸ் ஸ்ட்ராவுக்குள் நீட்டி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பாலிஷ் ரிமூவரை மணி டப்பா பக்கம் திறக்காதீர்கள். அதில் உள்ள அசிட்டோன் சொட்டினால் பிளாஸ்டிக் முத்தின் மினுமினுப்பு உரிந்து பிசுபிசுக்கும், அசிடேட் நூல் கரைந்தே போகும்.

மணிச்சரம்

மிக்க நன்றி தோழிகளே. மீந்த கண்டில் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று அளக்காமல் கண்டுபிடிக்க முடியுமா? குரோஷே ஊசிகளில் அளவு எண்ணும் அழிந்துவிட்டது.

கம்பளிக்கூடை

சமையலறைத் தராசு போதும். லேபிளில் 100 கிராம், 200 மீட்டர் என்றிருந்து, மீந்தது 35 கிராம் என்றால் 70 மீட்டர். அதைச் சீட்டில் எழுதி கண்டுக்குள் செருகுங்கள். ஊசிக்கு உங்கள் நெயில் பாலிஷே இருக்கிறது: 2.5 மி.மீ. சிவப்பு, 3 மஞ்சள், 3.5 பச்சை, 4 நீலம் என்று கைப்பிடி முனையில் ஒரு பொட்டு. கொக்கிப் பக்கம் வைக்காதீர்கள், நூல் வழுக்காது.